கடல் வடிந்த ஊருக்கு ஓர் ஆல்பம்: கார்டு முதல் கடைசிப் பள்ளம் வரை

பொலிவிழந்த கடற்கரைச் சுற்றுலா ஊரைப் பற்றி இண்டி ராக் கான்செப்ட் ஆல்பம் (ஒரே கருவைச் சுற்றிய பாட்டுத் தொகுப்பு) போட உட்காரும் பேண்டுகள் பலவும் முதலில் செய்வது ஒன்றுதான். அலைச் சத்தத்தையும் கடற்காகக் கத்தலையும் இணையத்திலிருந்து இறக்கி கிட்டாருக்கு அடியில் விரிப்பார்கள். அடுத்து எல்லா ட்ராக்கிலும் டேப் இரைச்சலைத் தூவுவார்கள். அதோடு ஊர் காணாமல் போய்விடும். ஊரின் பெயரை மாற்றிப் போட்டாலும் அதே ஆல்பம் ஓடும்.

மங்கிப்போனதைக் காதுக்குக் காட்ட நம்பகமான வழி ஒன்று உண்டு. முதல் பாட்டில் முழுசாகக் கேட்ட ஒரு மெட்டு, திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எதையாவது இழந்திருக்க வேண்டும். கீழே வரும் கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிப்பது), வாத்தியம், பதிவு, மிக்ஸ், வினைல் ரெக்கார்டு வெட்டுதல் எல்லாமே இந்த ஒரு வேலைக்காகத்தான். உதாரணத்துக்கு இங்கிலாந்தின் லங்காஷையர் கரையில் உள்ள மோர்கம் ஊரை எடுத்துக்கொள்வோம். வேறு ஊரை எடுத்தாலும் முறை இதேதான், தகவல்கள்தான் மாறும்.

ஊரைக் கையில் எடுப்பது

பாட்டு எழுதும் முன் ஊருக்கு ஒரு தேதிப் பட்டியல் போடுங்கள். உணர்ச்சி வேண்டாம். எது எப்போது திறந்தது, எப்போது மூடியது, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது மட்டும் போதும். மோர்கமுக்கு அது ஏறக்குறைய இப்படி வரும்.

ஊரை வளர்த்தது ரயில். மிட்லண்ட் ரயில்வே லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கத்துக் கம்பளி ஆலைத் தொழிலாளர்களை நேராகக் கடற்கரையில் இறக்கியது. 'கடலோர பிராட்ஃபோர்ட்' என்றே ஊருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. ஆலை ஒரு வாரம் மூடினால் தெருவே கிளம்பி வந்துவிடும். 1907-இல் திறந்த புரொமனாட் ரயில் நிலையம் 1994-இல் மூடப்பட்டு, புது நிலையம் சற்று உள்ளே தள்ளிப் போனது. 1933-இல் ஆலிவர் ஹில் வடிவமைத்த மிட்லண்ட் ஹோட்டல் வந்தது. கடலைப் பார்த்து வளைந்த வெள்ளைக் கட்டடம் அது. 1998-இல் மூடி, 2008-இல் மறுபடி திறந்தார்கள். 1936-இல் சூப்பர் சுவிம்மிங் ஸ்டேடியம் என்ற பெரிய திறந்தவெளி நீச்சல்குளம் வந்தது, 1975-இல் மூடியது. 1977 நவம்பர் புயல் வெஸ்ட் எண்ட் பியரை, அதாவது கடலுக்குள் நீண்ட கேளிக்கைப் பாலத்தை, உடைத்தது. அதே ஆண்டு விண்டர் கார்டன்ஸ் அரங்கமும் மூடியது. மிச்சமிருந்த சென்ட்ரல் பியரை 1992-இல் இடித்தார்கள். ஃப்ரண்டியர்லேண்ட் கேளிக்கைப் பூங்கா 1999-ஓடு முடிந்தது.

இறக்கத்துக்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பாட்டில் அது வர வேண்டியதில்லை, எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெயினுக்கு மலிவு விலையில் விமானப் பயணமும் தங்குமிடமும் சேர்ந்து கிடைக்கத் தொடங்கியது, கார் வந்தது, பிராட்ஃபோர்டில் ஆலைகளே மூடின. வெஸ்ட் எண்ட் பகுதியில் குடும்பங்கள் தங்கிய பெரிய விருந்தினர் விடுதிகள் ஒற்றை அறைகளாகத் தடுக்கப்பட்டு மலிவு வாடகைக்குப் போயின. ஆட்கள் இல்லாமல் ஊர் காலியாகிவிடவில்லை, வேறு ஆட்கள் வந்து தங்கினார்கள். இது புரியாத பேண்டுதான் 'ஆளற்ற கடற்கரை' என்று பல்லவி எழுதும்.

இந்தப் பட்டியலிலிருந்து ஒரே மனையை எடுத்துக்கொண்டு அதற்கு மூன்று பாட்டு ஒதுக்குங்கள். மோர்கமில் அப்படியொரு மனை தயாராகவே இருக்கிறது. 1936-இன் நீச்சல்குளம் இருந்த கடற்கரைப் பகுதியில் பிறகு பபிள்ஸ் என்ற கேளிக்கை மையம் வந்தது. அதுவும் போய், வெறும் நிலமாகக் கிடந்தது. அங்கேதான் தாவரத் தோட்டச் சுற்றுலா மையமான ஈடன் புராஜெக்ட்டின் வடக்குக் கிளையைக் கட்டத் திட்டம் போட்டு, 2023 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு 5 கோடி பவுண்டு ஒதுக்கியது. குளம், பபிள்ஸ், காலி நிலம் மூன்றுக்கும் ஒரே கார்டு வரிசை, மூன்று வேறு வாத்தியக் கூட்டணி. பத்துப் பாட்டு ஆல்பத்தில் இவை 3, 6, 9 என்று விழட்டும். கேட்பவர் மூன்றாவது முறை வரும்போது காரணம் தெரியாமலே அடையாளம் கண்டுகொள்வார்.

மெட்டு: இழக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும்

இங்கேதான் நேரம் செலவழியுங்கள். மையமாகத் திரும்பி வரும் மெட்டு மூன்று தாள வால்ட்ஸ் ஆகட்டும், எட்டு பார் (தாள வட்டம்) போதும். கார்டுகள் சி மேஜர், ஏ செவன்த், டி செவன்த், ஜி செவன்த், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பார். நூறு வருஷத்துக்கு முந்தைய கடற்கரை மேடைப் பாட்டுகளின் துள்ளல் பெரும்பாலும் இப்படிப்பட்ட நடையிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கார்டும் அடுத்ததை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும்.

இப்போது ஏ செவன்த்தை ஏ மைனராக்குங்கள். அந்தக் கார்டில் உள்ள சி ஷார்ப் சுரம் ஒரு படி இறங்கி சி ஆகிவிடும். அடுத்து டி செவன்த்தை டி மைனராக்குங்கள், எஃப் ஷார்ப் இறங்கி எஃப் ஆகிவிடும். மிஞ்சுவது சி, ஏ மைனர், டி மைனர், ஜி. ஆயிரம் பாப் பாட்டிலும் இண்டி பாட்டிலும் கேட்டுச் சலித்த அதே சுழற்சி. பழைய மேடைப் பாட்டில் இரண்டு விளக்கை அணைத்தால் இன்றைய பாட்டு கிடைக்கிறது. ஆல்பத்தின் கதை முழுக்க இந்த நாலு கார்டுக்குள்ளேயே இருக்கிறது.

இதைக் கேட்க வைக்க ஒரு நிபந்தனை உண்டு. பாடும் மெட்டில் அந்தச் சுரங்கள் இருந்தாக வேண்டும். இரண்டாவது கார்டில் சி ஷார்ப்பும், மூன்றாவதில் எஃப் ஷார்ப்பும் தலா ஒரு முழு பார் நீளத்துக்கு நிற்கட்டும். அவை துணை வாத்தியத்துக்குள் மட்டும் ஒளிந்திருந்தால், பிறகு எடுக்கும்போது பேண்டுக்கு மட்டும்தான் தெரியும். கேட்பவர் தவறவிட மாட்டார் என்று நம்பி இதை நுணுக்கமாகச் செய்கிறவர்கள் தோற்கிறார்கள். முரட்டுத்தனமாகவே காட்டுங்கள்.

நான்கு வருகை போதும். முதல் பாட்டில் முழு மெட்டு, 132 பிபிஎம் (நிமிஷத்துக்கு 132 தாளம்), ஆர்கன். நான்காவது பாட்டில் சி ஷார்ப் போய்விடும், 120 பிபிஎம், ஆர்கனுக்குப் பதில் கிட்டார். ஏழாவதில் எஃப் ஷார்ப்பும் போய்விடும். வால்ட்ஸ் நான்கு தாளமாக மாறி, வானொலியில் ஓடக்கூடிய சாதாரண இண்டி பாட்டாக நிற்கும். சிங்கிளாக வெளியிட வேண்டியது இதைத்தான். தனியாகக் கேட்டால் உற்சாகமாக இருக்கும், ஆல்பத்துக்குள் கேட்டால்தான் எது காணோம் என்று உறைக்கும். பத்தாவதில் மறுபடி வால்ட்ஸ், 100 பிபிஎம். ஜி செவன்த்தில் போய் நின்றது நின்றபடி, சி-க்குத் திரும்புவதே இல்லை. 100 என்ற எண் சும்மா வைத்ததல்ல, ரெக்கார்டு வெட்டும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

வாத்தியங்கள்

தியேட்டர் ஆர்கன் கிடைக்காது, வேண்டியதும் இல்லை. 1970-களின் வீட்டு எலக்ட்ரிக் ஆர்கன்கள் இங்கிலாந்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பவை. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று இலவசமாகவே தருவார்கள். அதிலுள்ள தாளப்பெட்டியில் பெரும்பாலும் வால்ட்ஸ் பொத்தான் இருக்கும், அதைத்தான் நாம் தேடுகிறோம். போட்டவுடன் பதிவு செய்யாதீர்கள், இருபது நிமிஷம் சூடாக விடுங்கள். சுருதி நகர்வது பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஆர்கனின் சுருதியை ட்யூனரில் பார்த்து எழுதிவைத்து, கிட்டார்களை அதற்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஆர்கனைக் கிட்டாருக்கு ஏற்ற முடியாது. பின்பலகையைக் கழற்றித் தோண்டுவதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சுழல் ஸ்பீக்கர் இருந்தால் அதன் இரண்டு வேகத்தையும் கதைக்குப் பயன்படுத்தலாம். வேகச் சுழற்சி நொடிக்கு ஆறேழு சுற்று, மெதுச் சுழற்சி ஒன்றுக்கும் குறைவு. முதல் பாட்டில் வேகம். ஆறாவது பாட்டில் வேகத்திலிருந்து மெதுவுக்கு இறங்கும் அந்தச் சில நொடி மாற்றத்தை மட்டும் ஒரு வரிக்கு நடுவில் விடுங்கள். அதற்கு மேல் தொட வேண்டாம்.

சுருதி விலகல் பற்றி ஒரு எச்சரிக்கை. கேளிக்கைப் பூங்கா வாத்தியத்தின் தளர்வைக் காட்ட, ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து ஒன்றை 8 முதல் 12 சென்ட் (அரைச்சுரமான செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கினால் போதும். 20-ஐத் தாண்டினால் திகில் படக் கோமாளி வந்து உட்கார்ந்துவிடுவார். டேப் வேகம் ஏறி இறங்கும் ஆட்டத்தையும் ஒரே பாட்டில் வையுங்கள். எல்லாப் பாட்டும் ஆடினால் எதுவும் ஆடியதாகத் தெரியாது. முழுப் பாட்டையும் மெதுவாக்க நினைத்தால், 3 சதவீதம் குறைத்தால் சுருதி ஏறக்குறைய அரை செமிடோன் இறங்கும், 6 சதவீதத்துக்கு ஒரு செமிடோனைச் சற்றே தாண்டும். மேலே புதிதாக வாசிக்கப்போகும் வாத்தியங்களை அதற்கேற்ப இறக்கிக்கொள்ளாவிட்டால் மிக்ஸில்தான் விடியும்.

கிட்டார், பேஸ், டிரம்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்ப்ரிங் ரெவெர்ப் (எதிரொலி) உள்ள சின்ன ஆம்ப், தாளத்தோடு பொருந்திய ட்ரெமலோ (ஒலியளவு ஏறி இறங்கும் நடுக்கம்). 100 பிபிஎம்முக்கு எட்டாம் மாத்திரை 3.3 ஹெர்ட்ஸ். டிரம்ஸில் சிம்பலைக் குறையுங்கள். கடற்கரைப் பதிவுகளின் உச்ச ஒலிகள் இருக்கும் இடத்தையே சிம்பலும் பிடித்துக்கொள்ளும்.

ஊர்ச் சத்தம் பிடிப்பது

மோர்கமில் அலை அடிக்கும் சத்தம் என்று ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். விரிகுடாவில் பெரிய ஏற்ற வற்றங்களின்போது நீர்மட்டம் பத்து மீட்டர் வரை மாறும். வற்றத்தில் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கிச் சேறும் மணலும் மட்டும் தெரியும். அப்போது கேட்பது காற்று, உள்ளான் வகைப் பறவைகள், தூரத்து ரயில், சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளின் பாய்மரத்தில் கயிறு மோதும் 'டிங் டிங்'. இந்த ஊரின் ஆல்பத்தில் முதல் பக்கம் முழுக்க அலையே வரக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளலாம், நல்ல விதி.

கருவி எளியது. கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர், ஸ்டாண்டு, முடி வைத்த காற்றுறை. வெறும் ஸ்பாஞ்சு உறை கடற்காற்றுக்குத் தாங்காது. அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத அளவு. ரெக்கார்டரைக் கையில் பிடிக்காதீர்கள், விரல் அசைவு எல்லாம் பதியும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷம் வாய் திறக்காமல் ஓட விடுங்கள். முதல் ஒரு நிமிஷம் உங்கள் சொந்தக் காலடியும் சட்டைச் சரசரப்பும்தான் இருக்கும். பயன்படுவது பெரும்பாலும் மூன்றாவது நிமிஷத்துக்குப் பிறகு கிடைப்பது.

மணலுக்குள் இறங்கக் கூடாது. இது அலங்கார எச்சரிக்கை அல்ல. புதைமணல் உண்டு, ஓடைகள் இடம் மாறும், ஏற்றம் முன்னால் வருவதற்குள் பக்கவாட்டில் சூழ்ந்துவிடும். விரிகுடாவைக் கடக்க அரச நியமனம் பெற்ற வழிகாட்டி என்ற பதவியே இருக்கிறது. செட்ரிக் ராபின்சன் 1963 முதல் 2019 வரை, ஆண்டுக்கு 15 பவுண்டு சம்பளத்தில் அந்த வேலையைப் பார்த்தார். வழிகாட்டியோடு நடத்தப்படும் நடைப் பயணங்களில் சேர்ந்தால் நடுமணலில் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் ஸ்டோன் ஜெட்டி கல்பாலத்திலிருந்தே பதியுங்கள்.

ஏற்றத்தைப் பதிவு செய்ய ஏற்ற அட்டவணையைப் பார்த்து, அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துப் போங்கள். இந்தக் கரையில் அப்போதைய உச்சம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். விரிகுடாவின் வடகோடியில் கென்ட் ஆற்று முகத்தில் இருக்கும் ஆர்ன்சைடில், ஏற்றம் வருவதற்கு முன் சைரன் ஊதுவார்கள். சைரன், பிறகு நீண்ட மௌனம், பிறகு நுரைக்கோடாக ஆற்றில் ஏறி வரும் நீர். மூன்றையும் வெட்டாமல் ஒரே பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் முதல் பக்கத்தை முடிக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

ஆர்கேடு விளையாட்டுக் கூடங்களில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் பதிய வேண்டும், அது தனியார் இடம். பின்னணியில் பாட்டு ஓடினால் அந்தப் பதிவு வீண். மூன்று நொடி தெரிந்த பாட்டு கேட்டாலும் இணையத் தளங்களின் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், சீசன் இல்லாத காலத்துக் காலை நேரத்தில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உங்களுக்கு வேண்டியது 2 பென்ஸ் காசுத் தள்ளு எந்திரம். தட்டு முன்னும் பின்னும் போகும் உறுமல், காசு விழும் சத்தம், விழாமல் விளிம்பில் நிற்கும் இடைவெளி. தனியாகக் காசுச் சத்தம் பதிய ஒரு சின்ன நுட்பம் உண்டு. 1992-க்கு முந்தைய 2 பென்ஸ் நாணயம் வெண்கலம், அதற்குப் பிறகு வந்தது பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. காந்தத்தை வைத்துப் பார்த்தால் எஃகு ஒட்டும், வெண்கலம் ஒட்டாது. இரண்டையும் ஓட்டுத் தரையில் போட்டுக் கேட்டு, எது எந்தப் பத்தாண்டின் பாட்டுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் செய்யுங்கள்.

அறிவிப்புக் குரல் அல்லது தூரத்து இசை வேண்டிய இடத்தில் 'பழைய ரேடியோ' பிளக்கின் போடுவதைவிட, மெட்டைக் குழாய் ஸ்பீக்கரில் ஓடவிட்டு எட்டு பத்து மீட்டர் தள்ளி மைக் வைத்துப் பதிவது எவ்வளவோ மேல். அடியும் உச்சியும் தானாக வெட்டுப்படும், சுவர்களின் எதிரொலி ஒட்டிக்கொள்ளும்.

வரிகள், குரல்கள்

தடை செய்யவேண்டிய சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். துரு, பேய், சாம்பல் வானம், நினைவலை, கடற்காகம். இவை இல்லாமல் முதல் வரைவை முடிக்க முடிந்தால் பாட்டுக்குள் ஆட்கள் தானாக வருவார்கள்.

ஆட்கள் வேலையோடு வர வேண்டும். விடுதி நடத்தும் அம்மாள் ஒருவர். காலைச் சாப்பாடு முடிந்தால் விருந்தினர் வெளியே போயாக வேண்டும், மழையானாலும் மாலை வரை திரும்பக் கூடாது என்பது அந்தக் கால விதி. விதிகளை அப்படியே பட்டியலாகப் பாடினாலே பாட்டு. வீட்டில் உட்கார்ந்து விரிகுடாவின் பழுப்பு இறாலை உரிக்கும் பெண் ஒருவர். இறால் படகிலேயே வெந்து வரும், உரித்து, ஜாதிபத்திரி போட்ட வெண்ணெயில் புதைத்து விற்பார்கள். கைவேகமே தாளம். ஃப்ரண்டியர்லேண்ட் மூடிய பிறகும் போலோ மிட்டாய் விளம்பரம் சுற்றிய அதன் கோபுரம் மட்டும் 2017 வரை நின்றது, காரணம் அதில் செல்போன் ஆன்டெனாக்கள் இருந்தன. அதைப் பராமரிக்க ஏறும் டெக்னீஷியன் ஒருவர். ஊரிலேயே உயரமான இடத்தில் நின்று காலிப் பூங்காவைப் பார்ப்பவர், ஆனால் ஊரைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாதவர். எட்டாவது பாட்டு அவருடையது, அவரைத் தத்துவம் பேச விடாதீர்கள்.

சிரிப்புக்கும் ஒரு பாட்டு வேண்டும். 1994-இல் ஹேப்பி மவுண்ட் பூங்காவில் தொலைக்காட்சிப் பொம்மைக் கதாபாத்திரம் மிஸ்டர் பிளாபியை நம்பித் தீம் பார்க் திறந்தார்கள். 13 வாரத்தில் மூடினார்கள். பணம் போட்டதில் நகராட்சிக்குப் பங்குண்டு. தணிக்கையாளரின் குரலில், வரவு செலவு வாசிப்பது போல நேராகப் பாடினால் போதும். நக்கல் தொனி சேர்த்தால் கெட்டுவிடும்.

2004 பிப்ரவரி 5 இரவு, சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் இந்த விரிகுடாவில் ஏற்றத்தில் சிக்கி இறந்தார்கள். கூலி ஏஜெண்டுகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது. மோர்கமைப் பற்றிய ஆல்பம் இதைத் தொடாமல் போனால் பொய், தொட்டால் ஆபத்து. எங்கள் பரிந்துரை: இறந்தவர்களின் 'நான்' குரலில் பாட வேண்டாம், அன்றைய அவசர அழைப்பு ஒலிப்பதிவை எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்த வேண்டாம். ஒன்பதாவது பாட்டின் முடிவில் ஒரு நிமிஷம் வார்த்தையில்லாமல் விட்டு, உட்குறிப்புத் தாளில் தேதியை மட்டும் அச்சிடுங்கள். அந்த இடத்தில் மைய மெட்டும் வரக்கூடாது. அந்த மரணங்களுக்குக் காரணம் ஊரின் மங்கல் அல்ல, மலிவுக் கூலி. இரண்டையும் ஒரே மெட்டில் கட்டுவது தவறு.

மிக்ஸ்

கடற்கரைப் பதிவு என்பது கிட்டத்தட்ட எல்லா அதிர்வெண்ணிலும் பரவிய இரைச்சல். குரலுக்கு அடியில் வைத்தால் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை 4, 5 டெசிபல் குறையுங்கள். பிறகும் முட்டினால் குரல் வரும்போது மட்டும் 3 டெசிபல் அமுங்கும்படி சைட்செயின் போடுங்கள். கயிற்று 'டிங்' ஒலியைத் தாளத்துக்கு இழுத்து ஒட்டாதீர்கள். அதன் ஒழுங்கின்மையே காற்றின் அளவு. ஒட்டினால் மணி அடிப்பது போல் ஆகிவிடும்.

ரெவெர்ப் விஷயத்தில் கட்டுப்பாடு வேண்டும். நீளமான ரெவெர்ப் விண்டர் கார்டன்ஸ் பாட்டுக்கு மட்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய அரங்கம். வால் இரண்டு, இரண்டரை நொடி, முன்தாமதம் 30 மில்லிநொடி. விடுதிப் பாட்டுக்குக் கம்பளம் விரித்த சின்ன அறை. மணல் பாட்டுக்கு ரெவெர்ப்பே கிடையாது, திறந்த வெளியில் ஒலி திரும்பி வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே நீளக் குகைக்குள் போடுவதுதான் இந்த வகை ஆல்பங்களின் பொது வியாதி.

இரண்டு பக்கம், ஒரு வட்டப் பள்ளம்

வினைல் அச்சடிப்பதாக இருந்தால் 12 அங்குல ரெக்கார்டுக்குப் பக்கம் 20 நிமிஷத்தை ஒட்டி நிறுத்துங்கள். 22-ஐத் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கி ஒலியளவைக் குறைக்க வேண்டி வரும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்றில், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும், உள்பக்கத்தில் 21 செ.மீ.தான். அதனால் உள்ளே போகப் போக 'ச', 'ஸ' ஒலிகள் கிழியும். கடைசிப் பாட்டில் பளிச்சென்ற குரலும் சிம்பலும் வேண்டாம். நம் வரிசை இதற்குப் பொருந்தி வருகிறது, ஐந்தாவதும் பத்தாவதும் அடங்கிய பாட்டுகள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ ஆக்குங்கள். ஸ்டீரியோவில் விரிந்த பேஸ் ஊசியைத் துள்ள வைக்கும். காற்றுப் பதிவுகளில் ஒளிந்திருக்கும் அடிநாதத்தையும் மறக்காமல் சோதியுங்கள், பேண்டுகள் அதைத்தான் தவறவிடுகின்றன.

இனி அந்த 100 பிபிஎம். ரெக்கார்டு ஒரு சுற்றுக்கு எடுப்பது 1.8 நொடி. 100 பிபிஎம்மில் ஒரு வால்ட்ஸ் பார், அதாவது மூன்று தாளம், எடுப்பதும் சரியாக 1.8 நொடி. பத்தாவது பாட்டின் கடைசி ஜி செவன்த் பாரை முடிவில்லா வட்டப் பள்ளமாக வெட்டச் சொன்னால், யாராவது எழுந்து ஊசியைத் தூக்கும் வரை அந்த ஒரே பார் தாளம் தப்பாமல் சுற்றும், சி வரவே வராது. அந்தப் பாட்டைக் கிளிக் வைத்துத்தான் வாசிக்க வேண்டும், டெம்போ 99.5 ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் இடறும். வட்டம் மூடும் இடம் மில்லிமீட்டர் சுத்தமாக அமையாது. அதனால் அந்த பாரில் கூர்மையான அடி எதுவும் வேண்டாம், நீண்டு நிற்கும் ஆர்கன் மட்டும். இதை வெட்டுபவரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். சிலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், சிலர் செய்வதே இல்லை. தானாக ஊசி தூக்கும் பிளேயரில் இது கேட்காது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங்குக்கு அதே பாரை இருபது முறை அடுக்கினால் 36 நொடி. கடைசி ஐந்து முறையில் மெதுவாக இறக்குங்கள். ஒலியளவு மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) பக்கத்தில், உச்சம் மைனஸ் 1 டெசிபலில். அதற்கு மேல் சத்தமாக்கினாலும் தளம் குறைத்துத்தான் ஓட்டும். பாட்டிலிருந்து பாட்டுக்கு ஊர்ச் சத்தம் தொடர்ந்து ஓடுகிற இடங்களில், இரண்டு கோப்புகளையும் அலைவடிவம் சுழியைத் தொடும் புள்ளியில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் 'டப்' என்று கேட்கும். எம்பி3 ஆக மாற்றி அனுப்பாதீர்கள், அந்த வடிவம் முன்னும் பின்னும் சில மில்லிநொடி வெற்றிடம் சேர்க்கும். ஏழாவது பாட்டுக்கு மட்டும் இரண்டு கோப்பு தேவை. ஆல்பத்துக்கு முன்பாட்டின் சத்தத்தோடு தொடங்குவது, சிங்கிளுக்குச் சுத்தமாகத் தொடங்குவது. இரண்டின் ஐஎஸ்ஆர்சி எண்ணும் (பதிவின் அடையாள எண்) வேறு வேறாக இருக்கட்டும்.

சோதனை அச்சு வந்ததும் குறைந்தது இரண்டு வெவ்வேறு பிளேயரில் கேளுங்கள், ஒன்று மலிவானதாக இருக்கட்டும். முதலில் ஐந்தாவது, பத்தாவது பாட்டுகளின் கடைசி நிமிஷம், பிறகு ஆர்ன்சைடு சைரனின் உச்சம், பிறகு வட்டப் பள்ளம். அதைப் பத்து நிமிஷம் சுற்ற விடுங்கள். ஊசி பள்ளத்தை விட்டு உள்ளே நழுவினால் வெட்டியவருக்குத் திருப்பி அனுப்பலாம். சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' கேட்டால், மூடும் இடத்தில் அடி விழுந்திருக்கிறதா என்று முதலில் உங்கள் கோப்பைப் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.